அப்பாவின் ஹெரால்டு காருக்குப் பாகம் தேடும் மகளுக்கு

இந்த முறை வக்கீலான எனக்கு வந்திருக்கும் கடிதம் நான்கு பக்கம். எழுதியவர் திருச்சியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை, வயது 44. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பா 1970-இல் புதிதாக வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3. நான்கு கதவு, வெளிர் நீலம். பதினொரு வருடமாக ஓடவில்லை. அப்பா இரண்டு வருடத்துக்கு முன்பு, உயில் எதுவும் எழுதாமல் காலமானார். அம்மாவுக்கு 72 வயது. “ஒரு தடவையாவது அதுல சமயபுரம் போயிட்டு வரணும்” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். அதற்காக மகள், அப்பாவின் பழைய மெக்கானிக்கிடம் வண்டியை விட்டு 14 மாதம் ஆகிறது. வண்டியை முழுதாகப் பிரித்துப் போட்ட பிறகுதான் சேதம் தெரிந்திருக்கிறது. கியர்பாக்ஸில் இரண்டு பல்சக்கரம் போய்விட்டது. முன் கண்ணாடியில் விரிசல். இடது முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியன் தேய்ந்துவிட்டது. சேஸிஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டகத்தின், பக்கக் கைகள் துருப்பிடித்து விரல் நுழையும் ஓட்டை.

ஆன்லைனில் பழைய கார் பாகம் விற்கும் ஒருவருக்கு, கியர்பாக்ஸுக்கும் கண்ணாடிக்குமாக யு.பி.ஐ.யில் 48,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார். ஐந்து வாரம் கழித்து லாரி சர்வீஸில் ஒரு கியர்பாக்ஸ் மட்டும் வந்தது. மெக்கானிக்கின் மகன் பார்த்துவிட்டு, “இது ஸ்டாண்டர்ட் டென் கியர்பாக்ஸ், நமக்கு ஆகாது” என்று சொல்லிவிட்டார். விற்றவர் கொஞ்ச நாள் சாக்குச் சொன்னார், இப்போது போனே எடுப்பதில்லை. பணம் அனுப்பி நான்கு மாதம் ஆயிற்று.

பட்டறையில் இரண்டு வழி சொல்கிறார்கள். சென்னையில் ஒரு வியாபாரியிடம் முழு ஸ்டாண்டர்ட் கெஸல் கார் 65,000 ரூபாய்க்கு இருக்கிறது, பேப்பர் கிடையாது. அதன் சேஸிஸை எடுத்து, நம் வண்டியின் எண் இருக்கும் துண்டை வெட்டி அதில் வெல்டிங் வைத்துவிடலாம் என்பது ஒன்று. மாருதி இன்ஜினும் கியர்பாக்ஸும் ஏற்றிவிட்டால் பாகப் பிரச்சினையே இருக்காது என்பது இன்னொன்று. இதற்கிடையில் மெக்கானிக்கின் மகன் 14 மாதத்துக்கும் ஷெட் வாடகை கேட்கிறார். இங்கிலாந்தில் இருக்கும் தம்பியோ, “பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டிய கவர்மென்டே உடைக்கப் போகுது, எடைக்குப் போடு” என்கிறார். கம்பெனி மீது ஏதாவது கேஸ் போட்டுப் பாகம் வாங்க முடியுமா, மிகப் பழைய கார்களுக்குத் தரும் வின்டேஜ் எண் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

பாகங்களைப் பற்றி மூன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ஒரே ஒரு வரி: “ஆர்.சி. இன்னும் அப்பா பேர்லதான் இருக்கு, அது பரவாயில்லைதானே?” பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. கியர்பாக்ஸ் எங்காவது ஒரு கோடவுனில் கிடக்கும். கண்ணாடியைச் செய்து வாங்கலாம். ஆர்.சி.யும், அதில் எழுதியிருக்கும் சேஸிஸ் எண்ணும் எந்தக் கடையிலும் கிடைக்காத பாகங்கள். உங்களிடம் அவை இரண்டும் இருக்கின்றன. பட்டறையில் சொல்லும் இரண்டு யோசனையும் சரியாக அவற்றின் மேல்தான் கை வைக்கின்றன. அதனால் நீங்கள் கேட்ட வரிசையில் போகாமல் என் வரிசையில் பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அப்பா பெயரை மாற்றுவது

வண்டியின் உரிமையாளர் இறந்துவிட்டால், வண்டியை வைத்திருக்கும் வாரிசு 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 56. உங்களுக்கு இரண்டு வருடம் ஓடிவிட்டது. இதற்காக யாரும் வண்டியைப் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள், பயப்படாதீர்கள். தாமதத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும், காரணம் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆனால் பெயர் மாறாமல் காப்பீடு ஒழுங்காக எடுக்க முடியாது, பதிவைப் புதுப்பிக்க முடியாது, பட்டறைக்காரரோடு தகராறு வந்தால் “என் வண்டி” என்று சொல்லி நிற்கவும் முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் “என் கார்” என்றே கடிதம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். உயில் இல்லாததால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது அம்மா, நீங்கள், தம்பி மூவருக்கும் சமபங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அம்மாவிடமும் தம்பியிடமும் ஆட்சேபணையில்லை என்று எழுதி வாங்கி, உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். தம்பி இந்திய தூதரக அலுவலகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பலாம். எடைக்குப் போடச் சொல்பவர் கையெழுத்துப் போட மாட்டார் என்று நினைக்காதீர்கள். அவரால் உங்களுக்கு வேறொரு பெரிய உபகாரம் ஆக வேண்டியிருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

உங்களுடையது பழைய புத்தக ஆர்.சி. அந்த விவரங்கள் கணினியில், அதாவது அரசின் வாகன் தளத்தில், ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அலுவலகத்தின் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து ஏற்றச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். சில நடை நடக்க வேண்டியிருக்கும்.

தம்பி சொல்லும் பதினைந்து வருடக் கணக்கு

இது பலர் வாயில் அடிபடும் விஷயம், பாதி உண்மை. பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை என்பது டில்லியையும் சுற்றுப்பகுதியையும் குறித்த உத்தரவுகளில் பிறந்தது. 2023 ஏப்ரலிலிருந்து பதினைந்து வருடம் முடிந்த வண்டிகளை உடைக்க வேண்டும் என்று வந்த விதி அரசுத் துறைகளின் வண்டிகளுக்கு. தமிழ்நாட்டில் தனியார் காருக்கு அப்படிக் கெடு எதுவும் இல்லை. பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், தகுதி பார்ப்பார்கள், பசுமை வரி கட்ட வேண்டும். 20 வருடம் தாண்டிய வண்டிக்குப் புதுப்பிப்புக் கட்டணம் அதிகம். இவ்வளவுதான். உங்கள் வண்டியின் பதிவு எந்த வருடத்தோடு முடிந்திருக்கிறது என்று எழுதவில்லை, ஆர்.சி.யின் கடைசிப் பக்கத்தில் முத்திரை இருக்கும்.

கம்பெனியைக் கேட்க முடியாதா?

முடியாது. இந்த வண்டியைச் செய்தது நம் சென்னைக் கம்பெனிதான், ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ். வண்டலூர் பக்கம் தொழிற்சாலை இருந்தது. 1961-இல் ஹெரால்டு, எழுபதுகளில் கெஸல், 1977-க்குப் பிறகு கார் உற்பத்தியில் ஒரு இடைவெளி, 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000, 1988-இல் எல்லாம் முடிந்தது. கம்பெனி இருந்திருந்தாலும், இத்தனை வருடம் பாகம் கொடுத்தே ஆக வேண்டும் என்று நுகர்வோர் சட்டத்தில் ஒரு கணக்கு எழுதிவைக்கப்படவில்லை. இந்தக் கதவை மூடிவிடலாம்.

அந்த 48,000 ரூபாய்

இதில் உங்களுக்கு இருக்கும் கோபம் நியாயம். ஆனால் போலீசுக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வந்த கியர்பாக்ஸை யாராவது திறந்து பார்த்தார்களா? ஸ்டாண்டர்ட் டென்னும் ஹெரால்டும் ஒரே பரம்பரை. இரண்டிலும் அதே வகை 948 சி.சி. இன்ஜின், ஹெரால்டின் கியர்பாக்ஸும் அந்தச் சின்ன ஸ்டாண்டர்ட் கார்களின் கியர்பாக்ஸ் வழியில் வந்ததுதான். வெளிக்கூடும் மேல்மூடியும் வேறாக இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது உள்ளே இரண்டு பல்சக்கரம். மகன் பெட்டியைத் திறக்காமலே “ஆகாது” என்றாரா, பற்களை எண்ணி உங்கள் சக்கரத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாரா? பெரியவரை, அதாவது அப்பாவின் பழைய மெக்கானிக்கை, கூப்பிட்டுத் திறக்கச் சொல்லுங்கள், வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பொருந்தினால் உங்கள் நஷ்டம் கண்ணாடிக்குக் கொடுத்த பணம் மட்டும். பொருந்தாவிட்டால் அந்த வீடியோவே சாட்சி.

அடுத்தது, விற்றவர் யார் என்பது. தொடர்ந்து பாகம் விற்றுப் பிழைப்பவர் என்றால் அவர் வணிகர், நீங்கள் நுகர்வோர். திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். அவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்தில் போடலாம் என்பதுதான் 2019 சட்டத்தின் பெரிய வசதி. ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வீட்டில் கிடந்ததை ஒரே ஒரு தடவை விற்றவர் என்றால் அங்கே போக முடியாது. சிவில் நீதிமன்றத்தில் பணம் கேட்டு வழக்குப் போட வேண்டும், அதற்கு மூன்று வருடம் அவகாசம். அவருடைய விளம்பரங்களை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு அழித்துவிடுவார்.

ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று தெரிந்தால் அது குற்றவியல் விஷயம், பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதாவில் பிரிவு 318. பணம் போன அன்றே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்திருந்தால் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு நன்றாக இருந்திருக்கும். நான்கு மாதம் கழித்து அந்த வாய்ப்புக் குறைவு, இருந்தாலும் சைபர் குற்றத் தளத்தில் பதிந்துவிடுங்கள். ஒரு பொருளை அனுப்பியிருக்கிறார் என்பதால், “இது பொருள் தகராறு, சிவில்” என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். கண்ணாடிக்குப் பணம் வாங்கிவிட்டு அனுப்பவே இல்லை என்பதை முன்னால் வைத்துப் பேசுங்கள்.

இத்தனைக்கும் முன்னால், ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு வக்கீல் நோட்டீஸ். முகவரி தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். லாரி சர்வீஸ் ரசீதில் அனுப்பியவர் பெயர், ஊர், போன் எண் இருக்கும். அதைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இம்மாதிரி தொகைகளில் பாதிக்குமேல் நோட்டீஸ் கட்டத்திலேயே பேசி முடிவதை நான் பார்த்திருக்கிறேன்.

பேப்பர் இல்லாத கெஸல்

இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வேண்டாம்.

ஹெரால்டு பழைய பாணி வண்டி. கீழே தனிச் சட்டகம், அதன் மேல் பாடியைப் போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். அதனால் சேஸிஸை மாற்றுவது பட்டறைக்குச் சுலபமான வேலை. எண் துண்டை வெட்டி ஒட்டுவதை உங்கள் மெக்கானிக் குற்றம் என்று நினைத்திருக்க மாட்டார், அந்தக் காலத்தில் பலர் செய்த காரியம். சட்டத்தின் கண்ணில் அது வேறு. எண்ணை வெட்டி இன்னொரு சேஸிஸில் ஒட்டினால் அது அடையாளத்தைப் பொய்யாக்குவது. போலி ஆவணம், ஏமாற்று என்று போகும். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ-யில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. அந்தக் கெஸல் திருட்டு வண்டி என்று பின்னால் தெரிந்தால் “எனக்குத் தெரியாது” என்று நிரூபிக்கும் பாடு உங்களுடையது. பேப்பர் இல்லை என்று தெரிந்தே வாங்கியவர் அதைச் சொல்வது கஷ்டம். அரசுப் பள்ளி ஆசிரியை மேல் ஒரு எஃப்.ஐ.ஆர். என்றால் வேலைக்கு என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, வண்டியில் துரு இருக்கிறதே என்பீர்கள். கடிதத்தை வைத்துப் பார்த்தால் துரு ஏறியிருப்பது சட்டகத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளில்தான். ஹெரால்டுக்கு அது ஊரறிந்த நோய். அந்தக் கைகளை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம். இங்கிலாந்தில் அவை இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன, நல்ல டிங்கர் இங்கேயே தகட்டில் செய்துவிடுவார். எண் இருக்கும் இடத்தைத் தொடாமல் அதே சேஸிஸைச் செப்பனிடுவது பழுதுபார்ப்பு. அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

கெஸல் வியாபாரியிடம் வேறு மாதிரி போகலாம். கெஸலிலும் அதே 948 இன்ஜின். அதில் உங்களுக்கு உதவும் பாகங்கள் இருக்கின்றன. பின் ஆக்ஸில் மட்டும் வேறு, ஹெரால்டின் இரண்டாகப் பிரிந்து ஆடும் ஆக்ஸில் நம் ஊருக்குச் சரிப்படவில்லை என்று கெஸலில் ஒரே கம்பியாக மாற்றிவிட்டார்கள். முழு வண்டியாக வாங்காமல், “இந்தக் கியர்பாக்ஸ், இந்தக் கண்ணாடி” என்று பாகமாகக் கேளுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் எழுதிய பில், விற்றவரின் முகவரி, ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அதுவும் வேண்டும். இன்ஜின் எண் பொறித்த பிளாக்கைப் பேப்பர் இல்லாமல் வாங்காதீர்கள். பில் கொடுக்கத் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

மாருதி இன்ஜின்

இன்ஜினை மாற்றுவதே தப்பு என்பதில்லை. ஆர்.டி.ஓ.வின் முன் அனுமதி வாங்கி மாற்றி, ஆர்.சி.யில் பதிந்துகொள்ள வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52. அதே ரக இன்ஜின் என்றால் அது நடக்கிற காரியம். ஹெரால்டில் மாருதி என்றால் கியர்பாக்ஸ், மவுன்டிங், புரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாம் மாறும், தயாரித்தவர் சொன்ன அமைப்பே மாறிவிடும். அதை அனுமதிக்கக் கூடாது என்ற திசையில்தான் 2019-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சொல்லாமல் மாற்றிவிட்டு ஓட்டினால், விபத்து நடந்த அன்று காப்பீட்டுக் கம்பெனி முதலில் இன்ஜின் எண்ணைத்தான் பார்க்கும்.

அப்படியென்றால் பாகத்தை எங்கேதான் தேடுவது?

நான் ஸ்பேனர் பிடித்தவன் இல்லை. இம்மாதிரி வழக்குகளோடு பழகியதிலும், வீட்டில் ஒரு பழைய லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரை வைத்துக்கொண்டு பட்டதிலும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் இதுவரை “ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பாகம்” என்றுதான் தேடியிருக்கிறீர்கள். அந்தப் பெயரில் தேடினால் மிகக் கொஞ்சம்தான் கிடைக்கும். இங்கிலாந்தில் இந்த வண்டியின் பெயர் ட்ரையம்ஃப் ஹெரால்டு. 1959-இல் வந்தது, இத்தாலியர் மிக்கெலோட்டி வடிவமைத்தது. அதே சட்டகத்தின் வழியில் வந்ததுதான் ஸ்பிட்ஃபயர் என்கிற ஸ்போர்ட்ஸ் கார், 1980 வரை செய்தார்கள். அதை வைத்திருப்பவர்கள் அங்கே ஏராளம், அதனால் முன்சக்கர அமைப்பு, பிரேக், ரப்பர் புஷ் எல்லாம் இன்றும் புதிதாகவே தயாராகின்றன. லிங்கன் நகரத்தின் ரிம்மர் பிரதர்ஸ், சின்ன ட்ரையம்ஃப் வண்டிகளுக்கென்றே இருக்கும் கேன்லி கிளாசிக்ஸ் போன்ற கடைகளில் பாக எண்ணைச் சொன்னால் போதும். உங்கள் ட்ரனியன் அங்கே அபூர்வப் பொருளே இல்லை.

இரண்டு எச்சரிக்கை. அங்கே ஹெரால்டு சில வருடங்களிலேயே 1147 சி.சி.க்கு மாறிவிட்டது. நம் வண்டி கடைசிவரை 948. இன்ஜின் பாகம் கேட்கும்போது அந்த எண்ணைச் சொல்லாவிட்டால் தவறான கேஸ்கட் வந்து சேரும். மற்றது, நான்கு கதவு ஹெரால்டு நம் நாட்டுச் சரக்கு. பின் கதவு, அதன் கண்ணாடி, பீடிங் இதெல்லாம் இங்கிலாந்தில் தேடிப் பயனில்லை. அவற்றுக்கு இங்கேதான் அலைய வேண்டும்.

வாங்கும் வழியில் சட்டம் குறுக்கே வரும் இடம் இது. புதிய பாகத்தைச் சொந்த உபயோகத்துக்குத் தருவித்துக்கொள்ளத் தடையில்லை. சுங்கத் தீர்வையைப் பாகத்தின் விலைக்கு மட்டும் கணக்குப் போட மாட்டார்கள். அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்துப் போடுவார்கள், அதன்மேல் ஐ.ஜி.எஸ்.டி. வரியும் உண்டு. கனமான இரும்புக்குக் கூரியர் செலவே விலையைத் தாண்டும். பழைய, கழற்றிய பாகம் வேறு கதை. பயன்படுத்திய பொருளை இறக்குமதி செய்யப் பொதுவாக வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் ஒரு பழைய கியர்பாக்ஸை வரவழைத்தால் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளலாம், அபராதமும் வரலாம். தம்பி “கிஃப்ட்” என்று எழுதி அனுப்புவதும் செல்லாது, அந்தச் சலுகை 2019 டிசம்பரோடு போய்விட்டது.

தம்பியிடம் ஆக வேண்டிய உபகாரம் இதுதான். அடுத்த முறை ஊருக்கு வரும்போது ட்ரனியனையும் புஷ்களையும் புதிதாக வாங்கி, பில்லோடு, செக்-இன் பெட்டியில் வைத்துக் கொண்டுவரட்டும். தீர்வையில்லா வரம்புக்குள் இருந்தால் கேள்வியில்லை, மீறினால் சொல்லிக் கட்டிவிடட்டும். எடைக்குப் போடச் சொன்னவர் கையாலேயே பாகம் வருவதில் ஒரு ருசி இருக்கிறது.

உள்ளூரில் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் தலைமுறையாகக் கடை வைத்திருப்பவர்களிடம் பழைய ஸ்டாக் தூசி படிந்து கிடக்கும். புதுப்பேட்டையில் கழற்றிய பாகம் கிடைக்கும். இரண்டு இடத்திலும் பெயரைச் சொல்லிக் கேட்டால் “இல்லைங்க” என்பார்கள். உடைந்த பாகத்தைக் கையில் எடுத்துப் போய்க் காட்டுங்கள், அப்போதுதான் உள்ளே போய்த் தேடுவார்கள். மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற பழைய வண்டிக்காரர் சங்கங்களில் விசாரித்தால் ஹெரால்டு வைத்திருக்கும் இன்னொருவர் அகப்படுவார். காசுக்கு விற்காதவர்கள்கூடப் பாகத்துக்குப் பாகம் மாற்றிக்கொள்வார்கள். பொருந்தாவிட்டால் அந்த ஸ்டாண்டர்ட் டென் கியர்பாக்ஸை அங்கே நல்ல பண்டமாகப் பார்ப்பவர் இருப்பார்.

கிடைக்கவே கிடைக்காததைச் செய்துகொள்ளலாம். பல்சக்கரம் வெட்டவும் புஷ் கடையவும் கோயம்புத்தூர் லேத்துகளில் ஆளிருக்கிறது. முன் கண்ணாடியை அளவெடுத்துச் செய்யும்போது லேமினேட்டட் பாதுகாப்புக் கண்ணாடிதான் என்று பில்லில் எழுதி வாங்குங்கள், சாதாரணக் கண்ணாடி சட்டப்படியும் ஆகாது, உயிருக்கும் ஆகாது. பிரேக், ஸ்டியரிங், ட்ரனியன் இந்த மூன்றையும் லேத்தில் கடைந்து போட வேண்டாம். ட்ரனியனுக்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, தொண்ணூறு நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும் என்று ஹெரால்டுக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஆயில் போகாமல் காய்ந்தால் அதில் திருகியிருக்கும் இரும்பு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். உங்கள் இடது பக்கம் தேய்ந்ததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம், வலதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

ஷெட் வாடகை

வேலை செய்தவர் கூலி வாங்கும்வரை வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம், ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170 அந்த உரிமையைத் தருகிறது. அது செய்த வேலைக்கான கூலிக்கு. முன்பே பேசாத வாடகைக்காக வண்டியைப் பிடித்து வைக்க முடியாது. அதே சமயம் 14 மாதம் ஒருவர் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது உங்கள் வண்டி. பெரியவர் முகத்துக்காகவாவது ஒரு தொகை பேசிக் கொடுங்கள். கொடுக்கும்போது ஒரு பட்டியல் வாங்குங்கள்: கழற்றிய ஒவ்வொரு பாகமும், எண்ணிக்கையும், போட்டோவும், இரு தரப்புக் கையெழுத்தும். என் லாம்ப்ரெட்டாவின் ஒரிஜினல் கார்பரேட்டர் ஒரு பட்டறையில் மாயமானது இப்படிப் பட்டியல் இல்லாததால்தான். வக்கீல் வண்டியே அப்படி.

வின்டேஜ் எண்

2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேஸிஸும் பாடியும் இன்ஜினும் மாறாமல் இருக்கும் கார் வின்டேஜ். உங்கள் வண்டிக்குத் தகுதி உண்டு. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைச் சாலையில் எடுக்கலாம் என்பது கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்ற காரியங்களுக்குத்தான். அன்றாட ஓட்டத்துக்கு இல்லை. சமயபுரம் மாரியம்மன் தரிசனம் அந்தப் பட்டியலில் கிடையாது! உங்கள் அம்மாவின் ஆசைக்கு வேண்டியது சாதாரணப் பதிவு, புதுப்பித்தது. வின்டேஜ் எண்ணை நான் உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். பின்னால் மனம் மாறினாலும் போய்ப் பதியலாம், அதற்குச் சேஸிஸையும் இன்ஜினையும் இன்று மாற்றாமல் வைத்திருந்தால் போதும்.

அடுத்த தடவை பட்டறைக்குப் போகும்போது ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுத்துப் போங்கள். சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள், இன்ஜின் எண்ணுக்கும் அப்படியே. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்தப் பென்சில் பிரதியைக் கேட்பார்கள். அதற்கு முன்னால் நீங்களே ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். ஐம்பத்தைந்து வருடத்தில் அப்பாவே எப்போதாவது இன்ஜினை மாற்றியிருக்கக் கூடும், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். எண் ஒத்துவரவில்லை என்றால் யாரிடமும் விண்ணப்பம் கொடுக்காமல் முதலில் எனக்கு எழுதுங்கள்.